என்டிஏவில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்களா? திருநெல்வேலிப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ஆற்றோரத்தில் இருக்கிற ஊர் எங்களுடையது. எனக்கு வாடகைப் பாத்திரம், பந்தல் தொழில். எங்கள் குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போனவர் என்று ஒருத்தரும் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து 2024 ஜனவரியில் என் மகன் இசக்கிமுத்து, புனே பக்கம் கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் போனான். எல்லோரும் என்டிஏ என்று சொல்கிறோமே, அதுதான்.

பரீட்சைக்குப் படிப்பதைச் சொல்லித்தர ஊர் ஊருக்கு ஆள் இருக்கிறார்கள். பிள்ளை தேறியதும் போட்டோ பிடித்து போஸ்டரும் ஒட்டிவிடுவார்கள். அதற்கு அப்புறம் எந்தக் காகிதத்தை எங்கே வாங்க வேண்டும், எவ்வளவு பணம் வேண்டும், எந்த ரயிலில் ஏற வேண்டும் என்று கேட்டால் சொல்ல ஆள் கிடையாது. தீபாவளிக்கு முன்னால் மெரிட் லிஸ்ட் வந்ததிலிருந்து பையன் ரயில் ஏறும் வரை நான் அலைந்த அலைச்சலில் பாதி, முன்பே தெரிந்திருந்தால் தேவைப்பட்டிருக்காது. இனி அனுப்பப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பெண் பிள்ளைகளையும் 2022 முதல் சேர்த்துக்கொள்கிறார்கள். காகித வேலை அவர்களுக்கும் இதேதான்.

1. லிஸ்டில் பெயர் வந்ததும் பிளெக்ஸ் அடிக்காதீர்கள்

இந்தத் தேர்வை யுபிஎஸ்சி என்கிற மத்தியப் பணியாளர் தேர்வாணையம் வருஷத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. ஏப்ரலில் எழுதியவர்கள் அடுத்த ஜனவரியில் சேருவார்கள், செப்டம்பரில் எழுதியவர்கள் அடுத்த ஜூலையில். எழுத்துத் தேர்வுக்கு 900 மார்க், எஸ்எஸ்பி என்கிற ராணுவத் தேர்வு வாரியம் நடத்தும் ஐந்து நாள் நேர்முகத்துக்கு 900 மார்க். இரண்டையும் கூட்டி வருவதுதான் மெரிட் லிஸ்ட்.

அதில் இருக்கிற பெயர்கள், இருக்கிற இடங்களை விட அதிகம். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 400 இடம்தான். மெடிக்கல் முடிவைக் கணக்கில் எடுக்காமலே அந்த லிஸ்டைப் போடுகிறார்கள். ஆகவே பெயர் வந்துவிட்டது என்பதும் சேர்ந்துவிட்டான் என்பதும் ஒன்றல்ல. சேர்க்கைக் கடிதம் வந்தால்தான் நிச்சயம். என் மச்சினன் லிஸ்ட் வந்த அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாப்பில் பன்னிரண்டு அடி பிளெக்ஸ் கட்டிவிட்டான். கடிதம் வந்து சேரும் வரைக்கும் அந்தப் பக்கம் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

மெடிக்கலில் 'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். 42 நாளைக்குள் அப்பீல் மெடிக்கல் போர்டுக்குப் போகலாம். காதில் அழுக்கு, பல், மூக்குத்தண்டு வளைவு, கூடுதல் எடை போன்றவற்றுக்காக எழுதிவிடுவார்கள். எஸ்எஸ்பிக்குப் போகும் முன்பே ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் காட்டிவிட்டால் அந்த 42 நாள் மனவேதனை மிச்சம். பச்சை குத்தியிருந்தால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்பக்கத்திலும், புறங்கையிலும்தான் அனுமதி. சின்னப் பிள்ளைகளுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போன இடத்தில் மார்பில் அம்மன் பெயரைக் குத்திக்கொண்டு வருகிற பிள்ளைகள் நம் பக்கம் நிறைய.

ஒரு எச்சரிக்கை: லிஸ்ட் வந்த வாரத்தில் "புனேயிலிருந்து பேசுகிறோம், சீட் உறுதி செய்யப் பணம் கட்டுங்கள்" என்று போன் வரும். இந்தத் தேர்வில் சீட்டுக்குப் பணம் என்பதே கிடையாது. போனை வைத்துவிடுங்கள்.

2. பெயரை ஒன்றாக்குங்கள்

என்னை ஆட்டிவைத்தது இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இனிஷியல் போடும் நம் பழக்கம் வடக்கே யாருக்கும் புரிவதில்லை. போதாக்குறைக்கு நம் பக்கத்துச் சாமி பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். சுடலை, பேச்சி, இசக்கி என்று எந்தப் பெயரை எடுத்தாலும் மூன்று எழுத்துக்கூட்டு இருக்கும். என் மகனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் 'E' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி ஒரே சொல்லாக இருந்தது, இனிஷியல் கடைசியில். ஆதாரில் 'I' போட்டுத் தொடங்கி, நடுவில் இடைவெளி விட்டு இரண்டு சொல். பேங்க் பாஸ்புக்கில் ஒரு 'K' குறைவு. பான் கார்டு விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டம் கட்டாயம் என்பதால், மையத்தில் இருந்த தம்பி என் பெயரான பேச்சிமுத்து என்பதை அங்கே போட்டுவிட்டார். கார்டு வந்தபோது என் மகன் இசக்கி முத்து பேச்சிமுத்து ஆகியிருந்தான். நான்கு காகிதத்தில் நான்கு பிள்ளைகள்.

விதி ஒன்றுதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதுதான் பெயர், அதுதான் பிறந்த தேதி. யுபிஎஸ்சி விண்ணப்பமும் அதன்படிதான் போயிருக்கும். மற்றதை எல்லாம் அதற்கு ஒத்துவரும்படி மாற்றுங்கள். வரிசை முக்கியம்: முதலில் ஆதார், பிறகு பேங்க், கடைசியில் பான். ஆதார் மாறாமல் மற்ற இரண்டையும் மாற்றப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் அப்படிப் போய் இரண்டு நடை வீணாக்கினேன்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே தடவை. மையத்தில் டைப் அடிப்பவர் கணினியில் காட்டுவதை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள். கூட்டத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுத்துவிட்டுப் போகட்டும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழிலேயே தப்பு இருந்தால் அது பெரிய வேலை. பள்ளிக்கூடம் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும், மாசக்கணக்கில் இழுக்கும். பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள். லிஸ்ட் வந்த பிறகு தொடங்கினால் நேரம் பத்தாது.

அப்பா, அம்மா பெயரும் இதில் சேர்த்தி. என் வீட்டுக்காரி பெயர் ரேஷன் கார்டில் 'அம்மாள்', ஆதாரில் 'அம்மா'. ஒரு 'ள்'. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அனுப்பினேன். திருத்துவதற்கு நேரமில்லாத சின்ன வித்தியாசத்துக்கு இப்படி ஒரு பத்திரம் கையில் இருப்பது நல்லது.

3. இன்ஜினியரிங் காலேஜில் கொடுத்த அசலைத் திரும்ப வாங்குங்கள்

ஜனவரியில் சேருகிற பிள்ளைகளின் பெற்றோர் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரும். பிளஸ் டூ முடித்து, ஏப்ரலில் தேர்வு எழுதி, எஸ்எஸ்பி முடிவு தெரியாமல் இருக்கும்போதே காலேஜ் கவுன்சிலிங் வந்துவிடும். கையில் இருக்கிற சீட்டை விட மனசு வராது. நாங்களும் சேர்த்துவிட்டோம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிசி எல்லாம் அசலாகக் கொடுத்தாயிற்று.

நவம்பரில் போய்க் கேட்டபோது நாலு வருஷப் பணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். எந்தக் காலேஜ் என்பது இங்கே தேவையில்லை, ஒரு இடத்தில் மட்டும் நடக்கிற காரியமும் அல்ல. அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று காலேஜ்களை மேற்பார்க்கும் மத்திய அமைப்புகளான யுஜிசி, ஏஐசிடிஇ இரண்டுமே சொல்லியிருக்கின்றன. எனக்கு அது தெரியாததால் மூன்று தடவை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான்காவது தடவை மெரிட் லிஸ்ட் நகலையும், யுஜிசி உத்தரவின் நகலையும் வைத்து ஒரு மனு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் சீலும் கேட்டேன். சீல் கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. அந்த வருஷக் கட்டணத்தோடு விட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: காலேஜில் சேர்க்கும்போதே 'சரிபார்த்துவிட்டு அசலைத் தாருங்கள்' என்று கேளுங்கள். தர மறுத்தால் எதை எதை வாங்கினார்கள் என்று எழுதி ஒப்புகை வாங்குங்கள். டிசியில் ஐந்து நகல் எடுத்து வையுங்கள். எஸ்எஸ்பியில் பரிந்துரை கிடைத்த வாரமே, லிஸ்டுக்குக் காத்திராமல், அலுவலகத்தில் பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

4. காகிதங்கள்: ஒரு பை, இரண்டு செட்

அந்தந்த பேட்ச்சுக்கு வரும் சேர்க்கைக் குறிப்புதான் வேதவாக்கு. யார் என்ன சொன்னாலும், நான் சொன்னாலும், அதை வைத்துச் சரிபாருங்கள். எங்களுக்குத் தேவைப்பட்டவை:

- பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் அசல்
- டிசியும் நன்னடத்தைச் சான்றும்
- பிறப்பிட அல்லது இருப்பிடச் சான்றிதழ்
- ஆதார், பான், பேங்க் பாஸ்புக்
- பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கேட்டதற்கு இரண்டு மடங்கு
- பெற்றோர் கையெழுத்திட்ட பத்திரங்கள்

சாதிச் சான்றிதழை எல்லோரும் முதலில் தேடுகிறார்கள். இந்தச் சேர்க்கையில் இடஒதுக்கீடு கிடையாது, அதற்காக அலைய வேண்டாம். வருமானச் சான்றிதழ்தான் முக்கியம், ஏன் என்று அடுத்த தலைப்பில் சொல்கிறேன். வருவாய்த்துறைச் சான்றிதழ்களுக்கு ஈ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று படியேறி வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். விண்ணப்பித்த கையோடு விஏஓவை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். ஆன்லைன்தானே என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

பத்திரங்களில் இரண்டு விஷயங்களைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பயிற்சியில் அடிபட்டால் நஷ்டஈடு கேட்க மாட்டோம் என்பது ஒன்று. பிள்ளை தன் விருப்பத்தில் பாதியில் விலகினால் அரசு அவனுக்குச் செலவழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும் என்பது இன்னொன்று. இரண்டாவதைப் படித்ததும் என் வீட்டுக்காரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பையனை உட்கார வைத்து, 'ஏல, நெசமாவே உனக்கு இது வேணுமா, இல்ல கூட்டாளிகளுக்காகப் போறியா?' என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசினோம். பத்திரம் பேப்பர்தான், ஆனால் அந்தப் பேச்சு எங்களுக்குத் தேவையாக இருந்தது. இதோடு, பயிற்சிக் காலத்தில் கல்யாணம் செய்துகொண்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற விதியும் உண்டு. பதினெட்டு வயசுப் பையனுக்கு அது இப்போது சிரிப்பாக இருக்கும்.

போலீஸ் சரிபார்ப்பும் நடக்கும். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், அக்கம்பக்கத்திலும் கேட்பார்கள். நம் பக்கத்தில் கொடை நேரத்துத் தகராறில் நின்றவன், பார்த்தவன், ஓடினவன் எல்லோர் பெயரையும் எழுதிவிடுவது உண்டு. தேர்வு எழுதுகிற பிள்ளையைச் சப்பரம் பார்க்க அனுப்புங்கள், கூட்டத்தின் முன்னால் நிற்க அனுப்பாதீர்கள்.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன். காலேஜிலிருந்து அசலை மீட்டு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. காகிதப் பை பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. மதிப்பெண் சான்றிதழ்கள் நனைந்தும் தப்பித்தன, டிசியில் தலைமையாசிரியர் சீல் மட்டும் ஊதா நிறக் குட்டையாகிவிட்டது. தண்ணீர் வடிந்த மறுநாள் சேற்றில் நடந்து போய் அவரிடம் சொன்னதும், அன்றைக்கே புதுசாக எழுதித் தந்தார். அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் காகிதங்கள் பரணில்தான், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள். மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரிலும் ஏற்றியிருக்கிறோம். லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள், பின்னால் சீல் வைக்கவோ எழுதவோ முடியாமல் போகும்.

5. பணம்

சாப்பாடு, தங்குமிடம், உடுப்பு, புத்தகம், வைத்தியம், படிப்பு எல்லாம் அரசு செலவு. மூன்று வருஷம் முடித்ததும் டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழகப் பட்டமும் கிடைக்கும். 'அப்போ காசே இல்லையா' என்று கேட்டால், இருக்கிறது.

கைச்செலவைப் பெற்றோர்தான் கொடுக்க வேண்டும். மாசம் 3,000 ரூபாய்க்கு மேல் போகாது என்று யுபிஎஸ்சி அறிவிக்கையிலேயே இருக்கிறது. சேரும் அன்று சில மாசக் கைச்செலவு, உடுப்பு, குழுக் காப்பீடு என்று ஒரு தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். எங்களுக்கு அது முப்பதாயிரத்தைச் சுற்றி வந்தது. உங்கள் கடிதத்தில் உள்ளதை எந்த முறையில் கட்டச் சொல்கிறார்களோ அப்படியே கட்டுங்கள். இது போக, ரயில், பெட்டி, ஷூ, சட்டை, பத்திரச் செலவு, நாங்கள் கூடப் போய் வந்தது எல்லாமாக எனக்கு இன்னொரு இருபத்தைந்தாயிரம் ஆனது. மொத்தத்தில் அறுபதாயிரம் கையில் இருந்தால் கடன் வாங்காமல் சமாளிக்கலாம். நான் இரண்டு அண்டாவையும் ஒரு ஜெனரேட்டரையும் விற்றேன்.

எஸ்எஸ்பிக்கு முதல் தடவை போகும் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பு ஏசி ரயில் கட்டணம் போக வரத் திருப்பித் தருவார்கள். டிக்கெட்டைத் தொலைத்துவிட வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பெற்றோர் வருமானம் மாசம் 21,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் மாசம் 1,000 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழில் வருஷக் கணக்குத்தான் இருக்கும், அதாவது 2,52,000 ரூபாய்க்குக் கீழே. விண்ணப்பம் நேராக அகாடமிக்குப் போகாது. மாவட்ட ஆட்சியர் பரிந்துரையோடு அகாடமி கமாண்டன்ட்டுக்குப் போக வேண்டும். இறுதித் தேர்வு முடிவு வந்த உடனே கொடுக்க வேண்டும் என்பது விதி. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், குறைதீர்க்கும் நாள் என்பதால் வாசலிலேயே கூட்டம் முட்டும். செவ்வாய், புதன் போங்கள். மனுவில் இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பளத்தைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது, 'சேர்ந்த அன்னைக்கே ஐம்பத்தாறாயிரம்' என்று. அந்த 56,100 ரூபாய் உதவித்தொகை மூன்று வருஷம் முடித்து டேராடூன் மாதிரியான அடுத்த அகாடமிக்குப் போன பிறகுதான். அதை நம்பி சீட்டுப் போட்டுவிடாதீர்கள்.

6. காத்திருக்கும் வாரங்களில் பிள்ளை செய்ய வேண்டியது

நாம் காகிதத்துக்கு ஓடும்போது அவன் வேறு ஓட்டம் ஓட வேண்டும். 2.4 கிலோமீட்டரை 15 நிமிஷத்துக்குள் ஓட்டம், எட்டு சின்-அப், மூன்று நான்கு மீட்டர் கயிறு ஏற்றம் என்று அறிவிக்கையிலேயே தயாராகி வரச் சொல்கிறார்கள். விட்டால் கல்யாண வீட்டு விருந்து விருந்தாகச் சாப்பிட்டு எடை கூடிவிடும். எல்லா வீட்டுக்கும் 'பையனை அனுப்பி வைங்க' என்று அழைப்பு வரும்.

நீச்சல் தெரியும் என்று என் மகனுக்கு ஒரு தெனாவெட்டு. ஆற்றில் பிறந்து வளர்ந்தவன். ஆனால் நம் ஆற்று நீச்சல் தலையைத் தூக்கிக்கொண்டு அடிக்கிற நீச்சல். அங்கே முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விடச் சொன்னபோது திணறிவிட்டான். பாளையங்கோட்டையில் ஒரு மாசம் நீச்சல் குளத்தில் பழகியிருந்தால் முதல் டெர்மில் அந்தப் பாடு பட்டிருக்க வேண்டாம். நீச்சலிலோ உடற்பயிற்சியிலோ படிப்பிலோ தேறாவிட்டால் ஆறு மாசம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். ரெலிகேஷன் என்பார்கள். கூடச் சேர்ந்தவன் முன்னால் போக, இவன் அடுத்த பேட்சோடு நிற்க வேண்டும்.

அப்புறம் இந்தி. பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் அறையில், மெஸ்ஸில், சீனியர் கத்துவதில் எல்லாம் இந்தி கலந்திருக்கும். அரசியல் வாதம் அப்புறம் பண்ணிக்கொள்ளலாம். 'இங்கே வா, அங்கே போ, சீக்கிரம், எதற்கு' என்கிற அளவுக்காவது இரண்டு மாசத்தில் காதுக்குப் பழக்குங்கள். எங்கள் கடையில் வேலை பார்க்கிற பீகார் தம்பிதான் இவனுக்கு வாத்தியார். சம்பளம் தினம் ஒரு டீ.

7. பெட்டி

குறிப்பில் இருக்கிற சாமான்களை மட்டும் வாங்குங்கள். மற்றதெல்லாம் அங்கேயே கொடுப்பார்கள், கட்டின முன்பணத்தில் அதுவும் அடக்கம். வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் 'மிலிட்டரிக்கா சார்' என்று கேட்டு நாலாயிரத்துக்குப் பொருள் எடுத்துப் போட்டார்கள். அதில் பாதி இன்னும் என் வீட்டுப் பரணில்.

கறுப்புத் தோல் ஷூவைக் கடைசி நாளில் வாங்காதீர்கள். ஒரு மாசம் முன்பே வாங்கி, தினமும் ஒரு மணி நேரம் போட்டு நடக்கவிடுங்கள். புது ஷூ காலைக் கடித்தால் முதல் வாரமே கொப்புளத்தோடுதான் ஓட வேண்டியிருக்கும். கூடவே நல்ல பருத்திக் காலுறை நிறைய. ஜனவரியில் போகிற பிள்ளைக்கு ஸ்வெட்டர் அவசியம். மார்கழிக் குளிர் என்று நாம் சொல்வது அங்கே விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிரே அல்ல.

செயின், மோதிரம், கையில் கட்டின கயிறு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடச் சொல்லுங்கள். மற்றவன் அங்கே அறுப்பதற்கு முன்னால் இவனே இங்கே அறுத்துவிடுவது மரியாதை. சாதியைக் காட்டுகிற கலர் கயிறு என்றால் இரண்டு மடங்கு மரியாதை.

தின்பண்டம் வேண்டாம். அவனுடைய ஆச்சி, கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டு பெட்டிக்கு அடியில் மறைத்து வைத்திருந்தாள். எண்ணெய்ச் சட்டிக்கு எங்கே போவான் என்று யாரும் யோசிக்கவில்லை.

8. ரயில்

திருநெல்வேலியிலிருந்து மும்பைப் பக்கம் போகிற எல்லா வண்டியும் புனே போகாது. கேரளா, கொங்கண் வழியாகப் போகிறவை புனேயைத் தொடவே தொடாது. ஸ்டேஷன் கவுன்டரில் 'தாதர் டிக்கெட்' என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள், வண்டி எண்ணைப் பார்த்து, நிற்கிற ஊர்களில் புனே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மதுரை வழியாகப் போய் புனேயில் நிற்கிற வண்டிகளில் ஒன்று நாகர்கோவிலிலிருந்து வருகிறது, தினமும் கிடையாது. ஒன்றரை நாள் பயணம்.

முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. கடிதம் வருவதற்கு முன்பே, சேரும் தேதியை உத்தேசமாக வைத்து டிக்கெட் போட்டுவிடுங்கள். தேதி மாறினால் ரத்து செய்தால் போகிறது சில நூறு. கடிதம் கைக்கு வந்த பிறகு தேடினால் தட்கல்தான் கதி. ஜனவரி என்றால் பொங்கல் கூட்டம் வேறு. ஒரு நாள் முன்னதாகவே புனே போய்ச் சேருகிற மாதிரி திட்டமிடுங்கள். ஸ்டேஷனிலிருந்து கடக்வாஸ்லா ஏறக்குறைய 20 கிலோமீட்டர்.

9. கேட்டுக்கு உள்ளே போன பிறகு

விடைபெறுவது சட்டென்று முடிந்துவிடும். பத்து நிமிஷம் பேசலாம் என்று நினைத்திருந்தோம். பெயரைக் கேட்டார்கள், காகிதம் பார்த்தார்கள், அவன் வரிசையில் போய் நின்றுவிட்டான். சொல்ல வேண்டியதை எல்லாம் முந்தின நாள் ராத்திரி லாட்ஜிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் டெர்ம் பிள்ளைகள் கையில் மொபைல் இருக்காது. அவர்கள்தான் கூப்பிடுவார்கள், அதுவும் வரிசையில் நின்று. 020 என்று தொடங்கும் புனே எண்ணாக இருக்கலாம், முன்பின் தெரியாத எண்ணாகவும் இருக்கலாம். என் போனில் இருந்த ஒரு ஆப், அவனுடைய முதல் அழைப்பைத் தொல்லை அழைப்பு என்று சிவப்பு காட்டியது. நான் எடுக்கவில்லை. அடுத்த அழைப்பு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை. அந்த ஆப்பை முதலில் எடுத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை போனைக் கையிலேயே வைத்திருங்கள்.

பேசக் கிடைப்பது நாலைந்து நிமிஷம். அவனைப் பேசவிடுங்கள். அவன் குரல் கம்மியிருக்கும், 'வந்துடவா' என்றுகூடக் கேட்கலாம். மூன்றாவது வாரம் என் மகன் கேட்டான். 'அடுத்த ஞாயித்துக்கிழமையும் இதையே கேட்டா பேசுவோம்ல' என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் குதிரையைப் பற்றிப் பேசினான்.

கடிதம் எழுதுங்கள். கேலி இல்லை, நிஜமாகவே காகிதக் கடிதம். அவன் பெயர், கேடட் எண், ஸ்குவாட்ரன் (அவன் தங்கியிருக்கும் பிரிவு) பெயர், என்டிஏ கடக்வாஸ்லா, புனே 411023. ஸ்குவாட்ரன் பெயர் இல்லாவிட்டால் கடிதம் சுற்றி அலையும். அம்மா எழுதுவதில் எழுத்துப் பிழை இருந்தால் என்ன, அவன் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறான்.

அவனுக்குப் பொறுப்பான அதிகாரி டிவிஷனல் ஆபீசர். அவர் எண் கிடைத்தால் சுவரில் எழுதி வையுங்கள். வீட்டில் பெரிய காரியம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள். 'பையன் சரியாகச் சாப்பிடுகிறானா' என்று கேட்க அந்த எண் அல்ல. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் மகனுக்காக அப்படிக் கூப்பிட்டு, அந்தப் பையன் பட்ட பாடு தனிக் கதை.

10. முதல் லீவு

ஜனவரியில் போனவன் ஜூன் லீவுக்கு வருவான், ஜூலையில் போனவன் டிசம்பரில். ஆள் கறுத்து, மெலிந்து, தலைமுடி ஒட்ட வெட்டி வருவான். ஜங்ஷனில் இறங்கியபோது என் வீட்டுக்காரிக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. முதல் மூன்று நாள் தூங்குவான், தூங்கவிடுங்கள். நேர்த்திக்கடன், சொந்தக்காரர் வீடு, பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா எல்லாவற்றையும் இரண்டாவது வாரத்துக்குத் தள்ளுங்கள்.

லீவில் வரும்போது ஆதார், பேங்க் வேலைகளில் மிச்சம் இருப்பதை முடித்துவிடுங்கள். கைரேகை வைக்க வேண்டியதற்கு அவன் நேரில் இருந்தால்தான் முடியும், அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாசம் ஆகும். திரும்பிப் போகிற டிக்கெட்டை அவன் வருவதற்கு முன்பே போட்டு வையுங்கள். லீவு முடிகிற நாளுக்கு ஒரு நாள் முன்னதாகச் சேருகிற வண்டியில். வெயிட்டிங் லிஸ்ட், வண்டி லேட் என்கிற காரணமெல்லாம் அந்தக் கேட்டில் எடுபடாது.